16 இடம், 4 நாள், 2 குழந்தைகள்: எதை விடுவது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: ஒரு பெரிய நகரத்துக்கு நான்கு நாள் பயணமாகப் போகிறீர்கள். கணவன், மனைவி, 7 வயதுப் பெண், 3 வயதுப் பையன். பார்த்தே ஆகவேண்டியவை என்று 16 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். எந்த வரிசையில் போனால் அலைச்சல் இல்லாமல் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்பது கேள்வி. ஆனால் கடைசி வரியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: போன தடவை இரண்டாம் நாள் சாயங்காலமே நாலு பேரும் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழ ஆரம்பித்துவிட்டோம் என்று. எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. வரிசையை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. போன தடவையும் வரிசை நன்றாகத்தான் இருந்திருக்கும்.

15 வருடமாகக் குடும்பங்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். எனக்கும் இரண்டு பிள்ளைகள். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதி அவர்களை இழுத்துக்கொண்டு நானே செய்தவை. நான் மருத்துவரோ குழந்தை உளவியல் படித்தவளோ அல்ல. அதனால் தூக்கம், காது வலி போன்ற விஷயங்களில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டதை மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் என் கைக்கணக்கு. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு கூட்டல் கழித்தல். இடங்களை எண்ணுவதை விட்டுவிட்டு மணியை எண்ணுங்கள், அதுவும் சின்னவனுடைய மணியை. 3, 4 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. இது உறுதியான பகுதி. உங்கள் பையனுக்கு 12 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 12 மணி. இனி வருவது என் கைக்கணக்கு. காலையில் எழுந்து, பல் தேய்த்து, சாப்பிட்டு, ஒரு செருப்பைத் தேடிக் கண்டுபிடித்து வெளியே வருவதற்கு 2 மணி நேரம். மதியச் சாப்பாட்டுக்கு 1, இரவுச் சாப்பாட்டுக்கு 1. குளித்து, கதை கேட்டு, தண்ணீர் கேட்டு, மறுபடி ஒன்றுக்குப் போய்ப் படுக்க ஒன்றரை. போக வர 2. கழிப்பறை, சட்டை மாற்றுவது, நடுத்தெருவில் உட்கார்ந்துகொள்வது, எறும்பைப் பார்ப்பது எல்லாம் சேர்த்து 1. கழித்துப் பாருங்கள், மூன்றரை மணி நேரம் மிஞ்சும். ஒரு நாளைக்கு உங்கள் கையில் இருப்பது அவ்வளவுதான்.

நான்கு நாளில் முதல் நாளும் கடைசி நாளும் பாதி பாதிதான் தேறும். ஆக மொத்தம் பத்தரை மணி நேரம். 16 இடத்துக்கு வகுத்தால் இடத்துக்கு 40 நிமிடம் கூட வராது. அதில்தான் வரிசையில் நிற்க வேண்டும், உள்ளே போக வேண்டும், பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். போன தடவை நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் யாரும் கோபக்காரர்கள் இல்லை. நேரம் பற்றவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பட்டியலிலிருந்து 4 இடங்களை மட்டும் எடுங்கள், நாளுக்கு ஒன்று. அதற்குமேல் ‘நேரம் இருந்தால்’ என்று இன்னொரு நாலைந்தைத் தனியாக எழுதி வையுங்கள். இந்த இரண்டாவது பட்டியலிலிருந்து எதுவும் நடக்காமல் போனாலும் வருத்தப்படக் கூடாது என்பதைக் கணவன் மனைவி இருவரும் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். இந்தப் பேச்சு நடக்காத வீடுகளில்தான் மூன்றாம் நாள் சண்டை வருகிறது: ஒருவர் மனதில் அந்த இடம் கட்டாயப் பட்டியலில் இருக்கும், இன்னொருவர் மனதில் ‘பார்க்கலாம்’ பட்டியலில் இருக்கும். எந்த 4 என்று தேர்ந்தெடுக்க ஒரு சின்ன வழி. ஆளுக்கு ஒன்று. பெண் ஒன்று சொல்லட்டும், நீங்கள் ஒன்று, உங்கள் துணை ஒன்று. சின்னவனுக்காக ஒரு விளையாட்டுத் திடலோ மிருகக்காட்சி சாலையோ தண்ணீர் ஓடும் இடமோ. தன்னுடைய முறை வரும் என்று தெரிந்தால் 7 வயதுக் குழந்தை மற்ற மூன்றையும் கூடுமானவரை பொறுத்துக்கொள்ளும்.

அந்த ஓர் இடத்தைக் காலையில் வையுங்கள், கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். காலையில் குழந்தைகளுக்குத் தெம்பு இருக்கும், கூட்டம் குறைவு, வெயிலும் ஏறியிருக்காது. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்க முடிந்தால் வாங்குங்கள். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நிற்பது என்றால் அன்றைய மூன்றரையில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது என்று பொருள். வாராந்திர விடுமுறையையும் பாருங்கள். உலகில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை, பாரிஸின் லூவ்ருக்குச் செவ்வாய். குழந்தையை அரை மணி நேரம் சமாதானம் செய்து கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டின கதவின் முன் நிற்பதைப் போல ஒரு கொடுமை கிடையாது. நான் நின்றிருக்கிறேன்.

மதியம் அறைக்குத் திரும்புங்கள். நான் சொல்வதில் மிக அதிகமாக எதிர்ப்பு வருவது இதற்குத்தான். ‘அவ்வளவு தூரம் போய்விட்டு அறையில் படுத்துக் கிடப்பதா?’ என்பார்கள். சரி, எல்லாக் குழந்தைக்கும் இது தேவைப்படாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 3 வயதில் சில குழந்தைகள் பகல் தூக்கத்தையே விட்டிருக்கும். சில, தள்ளுவண்டியில் போகும்போதே தலையைச் சாய்த்து ஒரு மணி நேரம் தூங்கிவிடும். உங்கள் பையன் அந்த ரகம் என்றால் அறைக்கு வர வேண்டாம், ஒரு பூங்காவில் மரநிழலைப் பிடியுங்கள். ஆனால் வீட்டில் கட்டிலில் மட்டுமே தூங்குகிறவன் வெளியூரில் வண்டியில் தூங்குவான் என்று நம்பிப் போகாதீர்கள். பெரியவளுக்கும் தூக்கம் வராவிட்டாலும் ஒரு மணி நேரம் யாரும் பேசாத, எதையும் பார்க்கச் சொல்லாத நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் நீங்களும் காலை நீட்டிப் படுப்பீர்கள். நான் பார்த்தவரை மதியம் ஓய்வெடுத்த குடும்பம்தான் சாயங்காலம் ஆற்றங்கரையில் நடக்கப் போகிறது. ஓய்வெடுக்காத குடும்பம் ஆறு மணிக்கு வாடகை வண்டி பிடிக்கிறது.

அப்படித் திரும்பி வர வேண்டுமென்றால் அறை பக்கத்தில் இருக்க வேண்டும். திட்டத்தில் நான் அதிக நேரம் செலவிடுவது தங்கும் இடத்துக்குத்தான். நகரத்துக்கு வெளியே பெரிய, நீச்சல் குளம் வைத்த விடுதியா, நடுவில் சின்ன அறையா என்று கேட்டால் குழந்தைகளோடு நான்கு நாளுக்கு நடுவில் சின்ன அறைதான். விதிவிலக்கு ஒன்று உண்டு: உங்கள் குழந்தைகளுக்கு நீச்சல் குளம்தான் பயணம் என்றால் அதையே அந்த 4 இடங்களில் ஒன்றாக வைத்துவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருப்பிடத்துக்கு அடுத்து நான் பார்ப்பது, விளக்கை அணைத்தபின் பெரியவர்கள் எங்கே உட்காருவது என்பது. ஒரே அறை என்றால் எட்டரை மணிக்குக் குழந்தைகள் தூங்கியதும் நீங்கள் இருவரும் இருட்டில் செல்பேசி வெளிச்சத்தைப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்துக்கொண்டிருப்பீர்கள், அல்லது குளியலறைத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவீர்கள். இரண்டையும் செய்திருக்கிறோம். ஒரு பால்கனியோ, தடுப்புள்ள சின்ன முன்னறையோ இருந்தால் அந்த விடுமுறையில் உங்களுக்கும் பங்கு கிடைக்கும். லிப்ட் உண்டா, குளிர்பெட்டி உண்டா, துணி துவைக்க வசதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இரவு பன்னிரண்டு வரை பாட்டு ஓடும் கடைக்கு மேலே அறையா என்பது விளம்பரப் படத்தில் தெரியாது. தங்கியவர்கள் எழுதிய குறைகளில் தெரியும். பாராட்டுகளை விட்டுவிட்டு அவற்றை மட்டும் படியுங்கள்.

வந்து சேரும் நேரத்தைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு அப்போது நாலு வயது. கட்டணம் குறைவு என்று இரவு வண்டியைப் பிடித்தேன். காலை ஆறு மணிக்கு விடுதி வாசலில் இறங்கினோம். வரவேற்பில் இருந்தவர் பணிவாகச் சொன்னார், அறை இரண்டு மணிக்குத்தான் தயாராகும் என்று. மற்றவர்களுக்கு எத்தனையோ திட்டம் போட்டுக் கொடுத்தவள், சொந்தப் பயணத்தில் இதைப் பார்க்கத் தவறிவிட்டேன். பெட்டியை அங்கே வைத்துவிட்டு எட்டு மணி நேரம் தெருவில் சுற்றினோம். பதினொரு மணிக்கு அவன் ஒரு கடை வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டு, ‘வீட்டுக்குப் போகலாம், வீட்டுக்குப் போகலாம்’ என்று தரையை அடித்து அழுதான். கன்னத்தில் சிமெண்டுத் தரையின் புள்ளி அச்சு பதிந்திருந்தது. அன்று முழுக்க நான் பார்த்த இடம் என்று எதுவும் நினைவில் இல்லை, அந்தக் கன்னம்தான் இருக்கிறது. விடுதிகள் பெரும்பாலும் மதியம் இரண்டு மூன்று மணிக்குத்தான் அறை தரும். விடிகாலையில் சேர்வதானால் முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், அல்லது மதியம் சேரும்படி பயணத்தை மாற்றுங்கள். வந்து சேரும் நாளுக்குச் சின்னவனுடைய விளையாட்டுத் திடல் மாதிரி பக்கத்தில் இருக்கும் எளிதான இடத்தை வையுங்கள், வேறு எதையும் வைக்காதீர்கள். அறையைச் சுற்றி ஒரு நடை, பக்கத்தில் பூங்கா எங்கே, மருந்துக்கடை எங்கே என்று பார்ப்பது, சீக்கிரம் தூங்குவது, அவ்வளவு போதும்.

விமானத்தில் போகிறீர்களா என்று எழுதவில்லை. போவதாக இருந்தால் இரண்டு விஷயம். காது அடைப்பது இறங்கும்போதுதான் அதிகம். குழந்தைகளுக்குத் தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குறுகலானது என்பதால் வலி கூடுதலாக இருக்கும். இறங்கத் தொடங்குமுன் எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஏதாவது விழுங்கக் கொடுங்கள். சளி, காது வலி ஏற்கெனவே இருந்தால் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், அதில் என் ஆலோசனை செல்லாது. இரண்டாவது, நேர வித்தியாசம். ஒரு மணி நேர வித்தியாசத்துக்குத் தோராயமாக ஒரு நாள் உடம்பு எடுத்துக்கொள்ளும், கிழக்கே போனால் இன்னும் சிரமம். நான்கு நாள் பயணத்தில் இரண்டு மணி நேர வித்தியாசம் என்றால் மாற்றிக்கொள்ள முயலவே வேண்டாம். குழந்தைகள் வீட்டுக் கடிகாரப்படியே தூங்கி எழட்டும், நீங்கள் திட்டத்தை அதற்கேற்ப நகர்த்துங்கள். கார், பேருந்தில் போகிறீர்கள் என்றால் குமட்டல் உங்கள் பெண்ணுக்குத்தான் வர வாய்ப்பு அதிகம். இரண்டு வயதுக்குக் கீழ் அது அரிது, பள்ளி வயதில்தான் உச்சம். காது அசைவை உணர்கிறது, கண் புத்தகத்தைப் பார்த்து ‘அசைவில்லை’ என்கிறது. அந்த முரண்தான் குமட்டல். புத்தகம், திரை எதுவும் வேண்டாம், தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

நகரத்துக்குள் போய்வருவதைப் பெற்றோர் தொல்லையாகப் பார்க்கிறார்கள், குழந்தைகள் அதையே வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். இந்த வித்தியாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். மாடிப் பேருந்தின் முன் இருக்கை, டிராம், படகு, கம்பிவட வண்டி, ஓட்டுநர் இல்லாத ரயிலின் முதல் பெட்டி, இவை ஒவ்வொன்றும் மூன்று வயதுக்காரனுக்கு ஒரு நினைவுச்சின்னத்துக்குச் சமம். அந்த ஊரில் ஓடுவதில் எது இருக்கிறதோ அதில் ஒருமுறை எங்கேயும் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புங்கள். நீங்களும் உட்கார்ந்துகொண்டே ஊரைப் பார்த்துவிடலாம். நடை விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. வரைபடச் செயலி ‘நடந்தால் 12 நிமிடம்’ என்று சொல்வது பெரியவர்களின் நடைக்கு. 3 வயதுக்கு நான் அதை இரண்டால் பெருக்கிக்கொள்வேன், மதியத்துக்கு மேல் மூன்றால். இதற்கு ஆய்வு ஆதாரம் எதுவும் என்னிடம் கேட்காதீர்கள்.

வீட்டில் தள்ளுவண்டியை விட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது என்றாலும் எடுத்துப் போங்கள், அல்லது அங்கே வாடகைக்கு எடுங்கள். எடை வரம்பை ஒருமுறை பாருங்கள். 15 கிலோவரை தாங்குவதும் உண்டு, 22 கிலோவரை தாங்குவதும் உண்டு. அது குழந்தையைச் சுமக்கும், குழந்தை நடக்க ஆசைப்படும்போது பையைச் சுமக்கும். ஒரு கையால் மடக்க முடிகிறதா என்பதை வீட்டிலேயே பத்து முறை மடக்கிப் பழகிவிடுங்கள். சுரங்க ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் லிப்ட் இருக்காது. படிக்கட்டின் கீழே நின்று யோசிப்பதைவிட லிப்ட் உள்ள நிலையம் எது என்று முந்தைய இரவே பார்த்து வைப்பது நல்லது.

அருங்காட்சியகங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் 16இல் 5 அந்த வகை. அருங்காட்சியகக் களைப்பு என்று ஒன்று உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இலேயே இதைப் பற்றி எழுதினார். ஒருவரைக் காட்சிப் பொருள்களைப் பார்க்கச் சொல்லி, அவர் எப்படியெல்லாம் குனிந்தும் வளைந்தும் எட்டியும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்துக் காட்டினார். அது வளர்ந்த ஆணின் உடம்பு. பெரும்பாலான கூடங்களில் எல்லாம் பெரியவர்களின் கண்மட்டத்துக்கு மாட்டியிருக்கும். நீங்கள் ஒருமுறை முழங்காலிட்டுப் பாருங்கள்: கண்ணாடியின் விளிம்பு, வெளிச்சத்தின் பிரதிபலிப்பு, முன்னால் நிற்பவரின் முதுகுப்பை. லூவ்ரில் சுமார் 35,000 பொருள்கள் காட்சியில் இருக்கின்றன. எல்லோரும் ஓடுவது மோனா லிசாவைப் பார்க்க. அந்த ஓவியம் 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலம்தான். கூட்டத்துக்குப் பின்னால் நிற்கும் ஏழு வயதுப் பெண்ணுக்கு அங்கே தெரிவது உயர்த்திப் பிடித்த செல்பேசிகள்.

ஆகவே ஐந்தில் ஒன்றை எடுங்கள். பெரிய பொருள்கள் உள்ளதாகப் பாருங்கள், எலும்புக்கூடு, கப்பல், நீராவி இயந்திரம் மாதிரி. உள்ளே போனதும் நேராக அங்குள்ள கடைக்குப் போய், பெண்ணை மூன்று பட அஞ்சலட்டைகள் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அந்த மூன்றையும் கண்டுபிடிப்பதுதான் அன்றைய வேலை. வழியில் கண்ணில் படுவது எல்லாம் இலவசம். கண்டுபிடித்ததும் வெளியே வந்துவிடுங்கள், ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தாலும். சீட்டுக்குக் கொடுத்த காசு தோன்றும். காசு ஏற்கெனவே போய்விட்டது, இன்னும் இரண்டு மணி நேரம் உள்ளே இருந்தாலும் திரும்பி வராது. உங்களில் யாருக்காவது அந்த இடத்தை நிதானமாகப் பார்க்கும் ஆசை இருந்தால் ஒருவர் குழந்தைகளோடு வெளியே வரட்டும், மற்றவர் இருக்கட்டும். அடுத்த நாள் மாற்றிக்கொள்ளலாம். குடும்பப் பயணம் என்றால் நாலு பேரும் எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 7க்கும் 3க்கும் இடையில் ஆர்வமும் தெம்பும் ரொம்பவே வேறுபடும். ஒரு சாயங்காலம் பெரியவளை மட்டும் ஒருவர் கோபுரத்தின் உச்சிக்குக் கூட்டிப்போனால், அவளுக்கு அது நான்கு நாளிலேயே பெரிய விஷயமாக இருக்கும்.

சாப்பாட்டில் ஒரே விதி: பசிக்கும் முன் உட்காருங்கள். உணவகங்கள் நிரம்பும் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே போனால் இடமும் கிடைக்கும், பரிமாறுகிறவர்களுக்குப் பொறுமையும் இருக்கும். பையில் வழக்கமாகத் தின்னும் ஏதாவது எப்போதும் இருக்கட்டும். புதிதாக எதையும் ருசி பார்க்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் நான்கு நாளில் ஒன்றும் ஆகிவிடாது. தண்ணீரைக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். எடையோடு ஒப்பிட்டால் குழந்தைகளின் தோல்பரப்பு பெரியவர்களைவிட அதிகம். வெயில் பொழுதில் சுற்றியிருக்கும் சூட்டை உடம்பு சீக்கிரம் வாங்கிக்கொள்ளும், விளையாட்டு மும்முரத்தில் தாகம் தெரியாது. கழிப்பறை எங்கே கண்ணில் பட்டாலும் போய்விட்டு வாருங்கள், ‘வரலை’ என்று சொன்னாலும்.

தொலைந்துபோவதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை, ஆனால் கூட்டமான நகரத்தில் ஐந்து நிமிடமாவது நடக்கக் கூடியது. தினமும் காலையில் வெளியே வந்ததும் இரண்டு பேரையும் அன்றைய உடையோடு ஒரு படம் எடுங்கள். பதற்றத்தில் ‘என்ன கலர் சட்டை?’ என்று கேட்டால் பெற்றவர்களுக்கே நினைவுக்கு வராது. உங்கள் செல்பேசி எண்ணைச் சின்னவன் கையில் பேனாவால் எழுதுங்கள். பெரியவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: காணவில்லை என்றால் தேடாதே, நின்ற இடத்திலேயே நில், நாங்கள் வருவோம். உதவி வேண்டுமென்றால் சீருடையில் இருப்பவர்களிடமோ, குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மாவிடமோ கேள். ரயிலுக்கு மட்டும் தனி ஒத்திகை. கதவு மூடி அவள் நடைமேடையில் தங்கிவிட்டால் அங்கேயே நிற்க வேண்டும், நீங்கள் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வருவீர்கள். அவள் உள்ளே, நீங்கள் வெளியே என்றால் அவள் அடுத்த நிலையத்தில் இறங்கி நிற்க வேண்டும். கிளம்புமுன் வீட்டில் இரண்டு நாற்காலியை ரயிலாக வைத்து இதை விளையாடிப் பாருங்கள். எங்கள் வீட்டில் கதவாக இருந்தது என் புடவைத் தலைப்பு.

இனி கொஞ்சம் சந்தேகமான பகுதி. நாளை எப்படி முடிக்கிறோம் என்பது முக்கியம் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அதற்கு உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 1993இல் வெளியிட்ட சோதனையைச் சிலர் ஆதாரமாகக் காட்டுவார்கள். அதில் ஒருமுறை 14 டிகிரி செல்சியஸ் குளிர்நீரில் ஒரு நிமிடம் கையை வைக்கச் சொன்னார்கள். இன்னொருமுறை அதே ஒரு நிமிடத்துக்குப் பின் மேலும் அரை நிமிடம், நீரை மெல்ல 15 டிகிரிக்கு ஏற்றி. மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள், முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததால். சோதனை உண்மை. ஆனால் அது வாளிக்குள் கைவைத்த பெரியவர்களைப் பற்றியது. அங்கிருந்து குழந்தைகளின் சுற்றுலாவுக்குத் தாவுவது என் நீட்டல்தான். இருந்தாலும் தினமும் கடைசி அரை மணி நேரத்தை எளிதான, பழக்கமான ஒன்றுக்கு ஒதுக்குவது எங்கள் வீட்டில் வேலை செய்தது. ஒரே பூங்காவில் ஒரே ஊஞ்சல், நான்கு நாளும். உங்களுக்கு அலுப்பாக இருக்கும், அவர்களுக்கு அது ‘நம்ம ஊஞ்சல்’ ஆகிவிடும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பையனுக்கு இந்தப் பயணம் பிற்காலத்தில் பெரும்பாலும் நினைவில் இருக்காது. வளர்ந்தவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தையது பொதுவாக நினைவில் நிற்பதில்லை. ‘அப்புறம் எதற்கு அவனைக் கூட்டிப்போவது’ என்று சிலர் கேட்பார்கள். நான் அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பேன். அவனுக்குக் கட்டடங்களைக் காட்ட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி! அவன் புறாவைத் துரத்தட்டும். பெரியவளுக்கு நினைவிருக்கும், ஆனால் எது நினைவிருக்கும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. என் மகளிடம் கேட்டால் ஒரு நகரத்தைப் பற்றி அவள் சொல்வது, விடுதியில் இருந்த லிப்ட்டின் பொத்தானை அழுத்தும் முறை தனக்கு எத்தனை தடவை வந்தது என்பதைத்தான்.

கடைசி நாளுக்கு வருவோம். பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், வண்டி இரவு ஒன்பதுக்கு இருக்கும். இந்தப் பத்து மணி நேரத்தை யாரும் திட்டமிடுவதில்லை. தாமதமாகக் காலி செய்ய அனுமதி உண்டா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கூடுதல் கட்டணம் கேட்டாலும் பெரும்பாலும் அது தரும் மதியத் தூக்கத்துக்குத் தகும். முடியாது என்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, மாற்றுத்துணி, துண்டு, மருந்து இருக்கும் சின்னப் பையை மட்டும் தனியாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் இடங்களை அன்றைக்கு அடைக்க ஆசை வரும், வேண்டாம். ஊஞ்சல் இருக்கும் பூங்காவுக்கே போங்கள். ஏழு மணிக்கு எங்காவது முகம் கழுவி, பல் தேய்த்து, தூங்கும்போது போடும் உடையைப் போட்டுவிட்டே வண்டி ஏறுங்கள். பாதி இரவில் தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக் கதவைத் திறக்கும்போது அப்படியே கட்டிலில் கிடத்திவிடலாம். வீட்டுச் சாவியைப் பெட்டிக்குள் வைக்காமல் சட்டைப் பையில் வையுங்கள்.